பிரிஸ்டல் விரிகுடா சால்மன் படகு ஆயத்தம்

பிரிஸ்டல் விரிகுடா சால்மன் படகு ஆயத்தம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் ஆண்டுதோறும் கோடையில் நடைபெறும் வணிகச் சால்மன் மீன்பிடிப்புக்காகக் குடும்பப் படகுகளைப் பழுதுபார்த்தல், வலை கோத்தல், உரிமங்களைப் புதுப்பித்தல், கடலில் இறக்கிச் சோதித்தல் ஆகிய பணிகளின் தொகுப்பு ஆகும். இப்பணிகள் பெரும்பாலும் மே மாத இறுதிக்கும் சூன் மாத நடுப்பகுதிக்கும் இடையில் முடிக்கப்படுகின்றன. மீன்பிடிப் பருவம் சுமார் ஆறு வாரங்களே நீடிப்பதாலும், மீன்வரத்து அதற்குள்ளும் சில நாட்களிலேயே உச்சம் அடைவதாலும், ஆயத்தத்தில் நேரும் குறை ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் பாதிக்கக்கூடியது.

பின்னணி

பிரிஸ்டல் விரிகுடா பெரிங் கடலின் கிழக்குக் கரையில், அலாஸ்காத் தீவக்குறைக்கு வடக்கே அமைந்துள்ளது. நாக்நெக், குவிஜாக், எகெகிக், உகாஷிக், நுஷகாக், டோகியாக் முதலிய ஆறுகள் இதில் கலக்கின்றன. உலகிலேயே மிகப் பெரிய சாக்கை சால்மன் மீன்வளம் இவ்விரிகுடாவைச் சார்ந்தது. இம்மீன் செந்நிறச் சால்மன் எனவும் அழைக்கப்படுகின்றது. ஏரிகளிலும் அவற்றோடு இணைந்த ஆறுகளிலும் பிறக்கும் இம்மீன்கள் கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகின்றன. அவ்வாறு திரும்பும் வழியில், ஆற்று முகத்துவாரங்களை அண்டிய பகுதிகளில் அவை பிடிக்கப்படுகின்றன.

சூன் மாதத்தில் தொடங்கும் வரத்து பொதுவாகச் சூலை மாதத்தின் முதல் வாரத்தை ஒட்டி உச்சம் பெற்று, அம்மாத இறுதிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். 2022ஆம் ஆண்டில் சுமார் 7.9 கோடி சாக்கை சால்மன்கள் இவ்விரிகுடாவுக்குத் திரும்பின. அவற்றுள் சுமார் 6 கோடி மீன்கள் பிடிக்கப்பட்டன. பதிவுகளில் உள்ள மிக உயர்ந்த அளவு இதுவாகும்.

மீன்பிடிப்பு இரண்டு முறைகளில் நடைபெறுகின்றது. கரையில் ஒரு முனையைக் கட்டி வலையை நிறுத்தி வைப்பது நிலைச் செவுள்வலை முறை. படகிலிருந்து வலையை விட்டு நீரோட்டத்தில் மிதக்கவிடுவது மிதப்புச் செவுள்வலை முறை. இரண்டிலும் குடும்பமாகத் தொழில் செய்வோர் பலர் உள்ளனர். இக்கட்டுரை மிதப்புச் செவுள்வலைப் படகுகளின் ஆயத்தத்தை விளக்குகின்றது.

வரலாறு

யுப்பிக், டெனைனா, அலூட்டிக் ஆகிய பழங்குடி மக்கள் இவ்வாறுகளில் மிக நெடுங்காலமாகச் சால்மன் பிடித்து, உலர்த்தியும் புகையூட்டியும் குளிர்காலத்துக்குச் சேமித்து வந்துள்ளனர். வணிக நோக்கிலான முதல் மீன் தகர ஆலை 1884ஆம் ஆண்டில் நுஷகாக் பகுதியில் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் படகுகள் பெரும்பாலும் ஆலைகளுக்கே உரியனவாக இருந்தன. படகை ஆயத்தம் செய்வதும், வலை கோப்பதும், பருவம் முடிந்தபின் கரையேற்றி அடுக்குவதும் ஆலையின் மேற்பார்வையில் நடந்தன.

இவ்விரிகுடாவில் இயந்திரப் படகுகளைப் பயன்படுத்துவதற்கு 1951ஆம் ஆண்டு வரை அனுமதி இருக்கவில்லை. அதுவரை இரு முனைகளும் கூரிய மரப் பாய்மரப் படகுகளில் இருவர் இருவராகச் சென்று, கையாலேயே வலை இழுத்தனர். தடை நீங்கிய பின்னர் பல பாய்மரப் படகுகளுக்கு இயந்திரம் பொருத்தப்பட்டது. அதன்பின் புதிய வகை இயந்திரப் படகுகள் பரவின. படகுகள் படிப்படியாக மீனவர்களின் சொந்த உடைமையாயின. அதோடு ஆயத்தப் பொறுப்பும், அதற்கான செலவும் ஆலையிடமிருந்து குடும்பத்துக்கு மாறின.

1972ஆம் ஆண்டில் அலாஸ்கா மாநில அரசியலமைப்புத் திருத்தப்பட்டு, அதைத் தொடர்ந்து 1973ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட நுழைவுச் சட்டம் இயற்றப்பட்டது. மீன்பிடிக்கும் உரிமங்களின் எண்ணிக்கை இச்சட்டத்தின்படி கட்டுப்படுத்தப்பட்டது. உரிமம் படகுக்கு அன்றித் தனி மனிதருக்கே வழங்கப்படுகின்றது. அதனை விற்கலாம், வாரிசுக்கும் கொடுக்கலாம். பிரிஸ்டல் விரிகுடாவின் மிதப்புச் செவுள்வலை உரிமங்கள் சுமார் 1,800க்கும் சற்று மேற்பட்டவை. படகு, உரிமம், வலைக்கொட்டகை மூன்றும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்லும் குடும்பச் சொத்தாக விளங்குகின்றன. அதே வேளையில், விற்பனையாலும் இடப்பெயர்வாலும் விரிகுடாவின் கரையோர ஊர்களில் வாழ்வோர் கையிலுள்ள உரிமங்கள் 1975ஆம் ஆண்டுக்குப் பின் கணிசமாகக் குறைந்துள்ளன.

படகின் அமைப்பு

மிதப்புச் செவுள்வலைப் படகின் நீளம் 32 அடிக்கு (சுமார் 9.75 மீட்டர்) மிகுதல் கூடாது என்பது விதி. நீளத்தைக் கூட்ட இயலாததால், காலப்போக்கில் படகுகள் அகலத்திலும் உயரத்திலும் பெருத்தன. பழைய படகுகளில் பல கண்ணாடியிழையால் ஆனவை. புதியவற்றில் அலுமினியப் படகுகள் மிகுதி. ஆழம் குறைந்த மணல் திட்டுகளில் மீன்பிடிக்க வேண்டியிருப்பதால் படகுகள் குறைந்த நீரிலும் மிதக்குமாறு கட்டப்படுகின்றன. சிலவற்றில் சுழலுந்திக்குப் பதிலாக நீர்த்தாரை உந்துகை பொருத்தப்பட்டுள்ளது.

முன்புறம் அல்லது நடுவில் ஓட்டுநர் அறையும் படுக்கைகளும் சிறு அடுப்பும், தளத்துக்குக் கீழே மீன் அறைகளும், தளத்தின் மேல் எண்ணெய் அழுத்தத்தால் சுழலும் வலை உருளையும் இருக்கும். வலையை அணியத்தின் (படகின் முன்முனை) வழியாக எடுக்கும் படகுகளும், பின்புறம் வழியாக எடுக்கும் படகுகளும் உள்ளன.

ஆயத்தக் காலம்

நாக்நெக், டில்லிங்ஹம் முதலிய ஊர்களிலுள்ள படகுக் கொட்டடிகளில் படகுகள் குளிர்காலம் முழுவதும் மரக்கட்டைகளின் மேல் நிறுத்தி வைக்கப்படுகின்றன. இவ்வூர்களுக்கு அலாஸ்காவின் முதன்மைச் சாலை வலையமைப்புடன் இணைப்பு இல்லை. ஆட்கள் வானூர்தியிலும், கனமான சரக்குகள் இழுவைப் படகுகளிலும் வந்து சேர்கின்றன. ஆகவே ஆயத்தத்தின் முதற்கட்டம் குளிர்காலத்திலேயே, வீட்டு மேசையில், பட்டியலாகத் தொடங்குகின்றது. முந்திய பருவத்தின் முடிவில் எழுதி வைத்த குறைகளின் அடிப்படையில் உதிரிப்பாகங்கள், வடிகட்டிகள், எண்ணெய், வலைத்துணி, கயிறு, உணவுப்பொருட்கள் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே கேட்பு அனுப்பப்படும். பருவத்தின் நடுவில் வாங்க முடியாத பொருள் எது என்பதை அறிந்திருப்பது இக்கட்டத்தின் சாரம் எனலாம். எளிதில் கிடைக்கும் ஒரு ரப்பர்ச் சுழலிகூட, சூலை முதல் வாரத்தில் கைவசம் இல்லையெனில் படகை நிறுத்திவிடும்.

உடற்பகுதிப் பணிகள்

படகைக் கண்டவுடன் செய்யப்படும் முதல் வேலை, அதன் அடிப்பகுதியை முழுவதும் கழுவிப் பார்வையிடுதல் ஆகும். இவ்விரிகுடாவின் நீர்மட்டம் ஓதத்தால் ஒரே நாளில் 6 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும் இடங்கள் உண்டு. நீர் வடியும்போது படகு மணலிலோ சேற்றிலோ அமர்வது இயல்பு. இதனால் அடிப்பகுதியில் தேய்வும் விரிசலும் ஏற்படுகின்றன.

கண்ணாடியிழைப் படகில் விரிசல் கண்ட இடத்தைத் தேய்த்து எடுத்து, நன்கு உலர்த்தி, புதிய இழையையும் பிசினையும் அடுக்கடுக்காக இட்டு மூடுவர். ஈரம் இருக்கும்போது மூடினால் ஒட்டு நிலைக்காது. அலுமினியப் படகில் பற்றவைப்புத் தையல்கள் ஒவ்வொன்றாகப் பார்க்கப்படும். உவர்நீரில் வெவ்வேறு உலோகங்கள் சேர்ந்திருக்கும்போது ஏற்படும் மின்னரிப்பிலிருந்து படகைக் காக்கத் துத்தநாகம் முதலிய தியாக உலோகக் கட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும். அவை தேய்ந்திருந்தால் மாற்றப்படும். ஒரு கட்டி வழக்கத்துக்கு மாறாக விரைவில் கரைந்திருந்தால், படகில் எங்கோ மின்கசிவு உள்ளது என்பதற்கு அது அறிகுறியாகலாம்.

சுழலுந்தியின் இதழ்கள், சுழல்தண்டு, அதனைத் தாங்கும் ரப்பர் உருளைகள், சுக்கான் ஆகியவையும் இக்கட்டத்திலேயே பரிசோதிக்கப்படுகின்றன. இந்நீரில் நுண்மணலும் வண்டலும் மிகுதியாகக் கலந்திருப்பதால், உரசும் பாகங்கள் பிற கடல்களைக் காட்டிலும் விரைவில் தேய்கின்றன.

இயந்திரமும் எண்ணெய் அழுத்த அமைப்பும்

குளிர்காலத்தில் நீர் உறைந்து குழாய்களைப் பிளக்காதிருக்க, இலையுதிர் காலத்துக்கு முன்பே நீர் வடிக்கப்பட்டோ உறைதடுப்பி நிரப்பப்பட்டோ இருக்கும். வசந்தத்தில் அவ்வேலை தலைகீழாகச் செய்யப்படுகின்றது. திறந்து வைத்த வடிகால்கள் அனைத்தும் மூடப்பட்டனவா என்பதை ஒருவர் செய்ய, மற்றொருவர் சரிபார்ப்பது நல்ல வழக்கம். மூடப்படாத ஒரு வடிகாலால், கடலில் இறக்கிய அன்றே இயந்திர அறையில் நீர் புகக்கூடும்.

டீசல் இயந்திரத்தில் எண்ணெயும் வடிகட்டிகளும் மாற்றப்படுகின்றன. எரிபொருள் தொட்டியின் அடியில் தேங்கிய நீரும் கசடும் அகற்றப்படுகின்றன. கரையில் அமைதியாகக் கிடக்கும் கசடு, அலையில் படகு ஆடும்போது கலங்கி வடிகட்டியை அடைக்கும். பெரும்பாலும் வானிலை மோசமாக இருக்கும் வேளையிலேயே இயந்திரம் நிற்பதற்கு இது ஒரு காரணமாகும். வண்டல் நீரை உள்ளே இழுப்பதைத் தவிர்க்க, பல படகுகளில் படகின் அடியில் பதித்த மூடிய குளிர்விப்புக் குழாய்கள் பயன்படுத்தப்படுகின்றன.

வலை உருளையை இயக்கும் எண்ணெய் அழுத்தக் குழாய்கள் வளைத்துப் பார்க்கப்பட்டு, மேற்பரப்பில் வெடிப்புள்ளவை மாற்றப்படும். மின்கலங்கள், மின்னாக்கி, அடித்தள நீரை இறைக்கும் பம்புகள், நீர்மட்ட எச்சரிக்கை மணி, வானொலி, ராடார், ஆழமானி, ஜிபிஎஸ் கருவி ஆகியன ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கப்படும்.

மீன் அறையும் குளிரூட்டலும்

முற்காலத்தில் மீன்கள் குளிரூட்டப்படாமலேயே ஆலைக்குச் சென்றன. தகரத்தில் அடைக்கும் தொழிலுக்கு அது போதுமானதாகக் கருதப்பட்டது. உறையவைத்த மீனுக்கும் சதைத்துண்டுகளுக்கும் சந்தை வளர்ந்த பின்னர், பிடித்த உடனேயே மீனைக் குளிர்விப்பது இன்றியமையாததாயிற்று. குளிரூட்டிய மீனுக்குக் கூடுதல் தொகை வழங்கப்படுவதால், பெரும்பாலான படகுகளில் கடல்நீரை உறைநிலைக்கு அண்மையில் குளிர்விக்கும் கருவி பொருத்தப்பட்டுள்ளது. ஏனையவை பனிக்கட்டியைப் பயன்படுத்துகின்றன.

ஆயத்தத்தின்போது குளிர்பதன வாயுவின் கசிவு, அமுக்கியின் நிலை, நீர்ச் சுழற்சிப் பம்பு ஆகியவை சோதிக்கப்படும். மீன் அறைகள் கழுவித் தொற்றுநீக்கம் செய்யப்படும். மீனை அள்ளி வைக்கும் பெரிய வலைப்பைகளின் வார்களும் தையல்களும் தனியாகப் பார்க்கப்படும். கொள்முதல் கப்பலின் பாரந்தூக்கி இப்பைகளைத் தலைக்கு மேலே தூக்கி எடை போடுவதால், ஒரு வார் அறுந்தால் மீன் மட்டுமன்றி ஆளும் ஆபத்துக்குள்ளாகலாம்.

வலை கோத்தல்

மிதப்புச் செவுள்வலையின் மேல் ஓரத்தில் மிதவைகள் கோத்த கயிறும், கீழ் ஓரத்தில் ஈயம் பொதிந்த கயிறும் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையில் வலைத்துணி சுவர்போல் தொங்கும். மீன் தலையை நுழைத்து, பின்வாங்க முயலும்போது கண்ணியின் நூல் செவுளில் மாட்டிக்கொள்ளும். வண்டல் கலந்த கலங்கல் நீரில் மீனுக்கு வலை எளிதில் தெரிவதில்லை.

ஒரு படகு பொதுவாக 150 பாகம் (900 அடி, சுமார் 274 மீட்டர்) நீளத்துக்கு மேற்பட்ட வலையை இறக்க முடியாது. உரிமம் பெற்ற இருவர் ஒரே படகில் தொழில் செய்தால் 200 பாகம் வரை அனுமதிக்கப்படுகின்றது. தந்தையும் மகளும், அல்லது உடன்பிறந்தோர் இருவரும் ஒரே படகில் சேர்ந்து தொழில் செய்வதற்கு இவ்விதி வாய்ப்பளிக்கின்றது. வலையின் ஆழம் 29 கண்ணிகளுக்கு மேற்படக் கூடாது. கண்ணியின் அளவு, இழுத்துப் பிடித்த நிலையில், சாக்கை சால்மனுக்குச் சுமார் 5 அங்குலம் ஆகும். கண்ணி பெரிதானால் சிறுமீன் நழுவும். சிறிதானால் பெருமீன் மாட்டாது. அண்மைக் காலத்தில் திரும்பும் மீன்களின் சராசரி உடலளவு குறைந்துள்ளமையால், கண்ணி அளவைத் தேர்வதில் மீனவர்கள் கூடுதல் கவனம் செலுத்துகின்றனர்.

வலை 50 பாக நீளமுள்ள துண்டுகளாகக் கோக்கப்பட்டு, தேவைக்கேற்ப இணைக்கப்படுகின்றது. வலைத்துணியைக் கயிற்றின் நீளத்தைவிட மிகுதியாக எடுத்து, சீரான தளர்வுடன் கட்ட வேண்டும். இறுக்கமாகக் கட்டிய வலையில் மீன் மோதித் திரும்பும். தளர்வாகக் கட்டிய வலையில் மீன் சுற்றிக்கொள்ளும். கிழிந்த பகுதிகள் வலையூசி கொண்டு பொத்தப்படுகின்றன. சேதம் மிகுதியானால் பழைய துணி வெட்டி நீக்கப்பட்டு, கயிறுகள் மட்டும் மீண்டும் பயன்படுத்தப்படும். வலைக்கொட்டகையில் மூத்தோர் முடிச்சிட, இளையோர் ஊசிக்கு நூல் சுற்றிக் கொடுத்து வேலை பழகுவது இக்குடும்பங்களில் வழக்கம்.

பாதுகாப்பு

இந்நீர் கோடையிலும் குளிர்ச்சியானது. தவறி விழுந்தவர் சில நிமிடங்களிலேயே கைகால்களின் வலுவை இழக்கக்கூடும். ஆகவே பாதுகாப்புக் கருவிகளின் ஆயத்தம் தனிப் பட்டியலாகக் கொள்ளப்படுகின்றது.

- குளிர் காப்பு உடை: ஒவ்வொருவருக்கும் உரிய அளவில் ஒன்று இருக்க வேண்டும். பல்லிணை இழுப்பிக்கு மெழுகு தடவி, ஒரு நிமிடத்துக்குள் அணியப் பழகுவர்.
- உயிர்காப்பு மிதவை: பராமரிப்புக் காலக்கெடு பார்க்கப்படும். படகு மூழ்கினால் மிதவையைத் தானாக விடுவிக்கும் கருவி பொதுவாக இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும்.
- அவசர இடங்காட்டி வானொலி: மின்கலத்தின் காலாவதி நாளும், உரிமையாளரின் பதிவும் சரிபார்க்கப்படும்.
- அபாய ஒளிச்சுடர்கள், தீயணைப்பான்கள், முதலுதவிப் பெட்டி: காலாவதியானவை மாற்றப்படும்.
- தளத்தில் அணியும் மிதவைச் சட்டை: வேலைக்கு இடையூறு இல்லாத வகை தேர்ந்தெடுக்கப்படும்.

மீன்பிடிப் படகுகளின் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் ஐக்கிய அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் செல்லும் மீன்பிடிப் படகுகளுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை கடலோரக் காவற்படையின் பரிசோதனை 2015ஆம் ஆண்டு அக்டோபர் முதல் கட்டாயமாக்கப்பட்டது. வலை உருளையில் உடையோ கையோ சிக்குவது மற்றோர் இடர். உருளையை உடனே நிறுத்தும் கருவி எங்குள்ளது என்பது புதிய பணியாளருக்கு முதல் நாளிலேயே காட்டப்பட வேண்டியதாகும்.

உரிமமும் பதிவும்

உரிமம் பெற்றவர் மீன்பிடிக்கும்போது படகில் இருத்தல் வேண்டும். ஏனைய பணியாளர்கள் பணியாளர் உரிமம் பெறுகின்றனர். படகின் உரிம எண், தொலைவிலிருந்தும் வானூர்தியிலிருந்தும் தெரியுமாறு பெரிய எழுத்தில் எழுதப்படுகின்றது.

விரிகுடா, நாக்நெக்–குவிஜாக், எகெகிக், உகாஷிக், நுஷகாக், டோகியாக் என ஐந்து மீன்பிடி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. படகு எந்த மாவட்டத்தில் தொழில் செய்யும் என்பதைப் பதிவு செய்தல் வேண்டும். பருவத்தின் முக்கிய நாட்களில் மாவட்டம் மாறுவதற்கு 48 மணிநேரம் காத்திருக்க வேண்டும். உச்ச நாட்களில் இரண்டு நாள் வலையின்றிக் கிடப்பது பேரிழப்பு ஆகையால், முதற்பதிவு பற்றிய முடிவு குடும்பத்துக்குள் நெடுநேரம் விவாதிக்கப்படுவது உண்டு.

மீன்பிடிக்கும் நேரம் முன்கூட்டியே முழுமையாக நிர்ணயிக்கப்படுவதில்லை. ஆறுகளின் கரையில் அமைந்த கோபுரங்களிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் மீன்கள் எண்ணப்படுகின்றன. முட்டையிடுவதற்குப் போதிய மீன்கள் ஆற்றுக்குள் சென்றுள்ளனவா என்பதைக் கொண்டு, அலாஸ்கா மீன் மற்றும் வேட்டை விலங்குத் துறை மாவட்டங்களைத் திறந்தும் மூடியும் அறிவிக்கின்றது. இதனால் ஆயத்தம் முடிந்த படகு, அறிவிப்புக்காக வானொலியைக் கேட்டபடி காத்திருக்கும்.

கடலில் இறக்குதல்

உயர் ஓதம் வரும் வேளையைக் கணக்கிட்டு, படகு இழுவை வண்டியில் ஏற்றப்பட்டுச் சரிவுத்தளம் வழியாக நீரில் இறக்கப்படும். வண்டியிலிருந்து விடுபடுவதற்கு முன்பே அடித்தளம் திறந்து பார்க்கப்படும். சுழல்தண்டு நுழையும் இடம், சுக்கான் தண்டு, நீருட்புகு குழாய்கள் ஆகியவற்றில் கசிவு இருந்தால் அப்போதே மீண்டும் கரையேற்றுவது எளிது. அதன்பின் இயந்திரம் முழு வேகத்தில் இயக்கப்பட்டு வெப்பநிலை கவனிக்கப்படும். வலை ஒருமுறை விடப்பட்டு எடுக்கப்படும். மீன் அறையில் நீர் நிரப்பப்பட்டு முன்கூட்டியே குளிர்விக்கப்படும். நீர் நிறைந்த அறைகளோடு படகு எவ்வாறு சாய்ந்து நிமிர்கின்றது என்பதும் இவ்வேளையில் உணரப்படுகின்றது.

குடும்பமும் பங்கும்

ஒரு படகில் பொதுவாக மூவர் அல்லது நால்வர் தொழில் செய்கின்றனர். பணியாளருக்கு நாட்கூலி இல்லை. பிடிப்பின் மதிப்பில் பங்கு வழங்கப்படும். அனுபவத்தைப் பொறுத்து வேறுபடும் இப்பங்கு, பெரும்பாலும் 10 விழுக்காட்டை ஒட்டி அமைகின்றது. ஆயத்த நாட்களில் செய்யும் வேலைக்குத் தனி ஊதியம் இல்லாமல், அது பங்கிலேயே அடங்குவது பரவலான வழக்கம். எரிபொருளும் உணவும் பங்கிடுவதற்கு முன் கழிக்கப்படுமா என்பது வாய்மொழியாக விடப்படாமல் எழுதி ஒப்பமிடப்பட வேண்டும். உறவினர்களுக்கிடையே இதனைத் தவிர்க்கும் வழக்கம் இருப்பினும், பருவ முடிவில் எழும் பிணக்குகளுக்கு அதுவே காரணமாகிவிடுகின்றது.

செலவும் இடரும்

ஆயத்தச் செலவு முழுவதும் முதல் மீன் பிடிபடுவதற்கு முன்பே செய்யப்படுகின்றது. மீனின் விலையோ பல ஆண்டுகளில் பருவத்தின் நடுவிலோ முடிவிலோதான் அறிவிக்கப்படுகின்றது. 2022ஆம் ஆண்டில் ஒரு பவுண்டு (சுமார் 454 கிராம்) சாக்கை சால்மனுக்கு அடிப்படை விலை 1.15 டாலராக இருந்தது. 2023ஆம் ஆண்டில் அது 50 சென்டாகக் குறைந்தது. முந்திய ஆண்டின் விலையை நம்பிக் கடன் வாங்கிப் புதிய இயந்திரமோ குளிரூட்டும் கருவியோ பொருத்திய குடும்பங்கள் இவ்வீழ்ச்சியால் நெருக்கடிக்குள்ளாயின.

இதன் காரணமாக, எதை இவ்வாண்டு மாற்றுவது, எதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது என்பதே ஆயத்தத்தின் கடினமான முடிவாகும். வண்ணப்பூச்சு, இருக்கைகள், ஓட்டுநர் அறையின் வசதிகள் ஆகியன தள்ளிப்போடத்தக்கவை. உடற்பகுதியின் நீர்க்காப்பு, சுக்கான், எரிபொருள் வடிகட்டல், உயிர்காப்புக் கருவிகள் ஆகியன தள்ளிப்போடத்தகாதவை.

பருவ முடிவு

சூலை இறுதியில் படகு கரையேற்றப்பட்டதும் வலைகள் கழுவி உலர்த்தப்பட்டுப் பைகளில் இடப்படுகின்றன. மீன் அறைகள் கழுவப்பட்டு, நீர்க்குழாய்கள் வடிக்கப்பட்டு, மின்கலங்கள் துண்டிக்கப்படுகின்றன. களைப்பு மிகுந்த இந்நாட்களில் படகின் குறைகளைப் பட்டியலிட்டு வைப்பது முக்கியமானது. அடுத்த ஆண்டின் ஆயத்தம் அப்பட்டியலிலிருந்தே தொடங்குகின்றது.

இவற்றையும் பார்க்க

- சால்மன்
- செவுள்வலை
- பெரிங் கடல்
- அலாஸ்கா
- ஓதம்